வலது தோளில் முந்தானை: நான்கு 8 மி.மீ. சுருள்களின் கதை

தப்பை முதலில் கண்டுபிடித்தது அத்தைதான். தன் கல்யாணப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "ஏன்டா, நான் எந்தக் காலத்துல வலது தோள்ல முந்தானை போட்டேன்?" என்றார். நாங்கள் அதுவரை கவனிக்கவே இல்லை. அப்புறம் பார்த்தால் மாமாவின் சட்டைப் பையும் வலப்பக்கம். கூடத்தில் இருந்த எல்லா ஆண்களுக்கும் இதயம் இடம் மாறியிருந்தது.

படம் 1967இல் எடுத்தது. எடுத்தவர் பெரியப்பா, பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் சாவி கொடுத்து ஓட்டும் யாஷிகா 8 மி.மீ. கேமரா ஒன்றைக் கைமாற்றாக வாங்கியிருந்தார். அவர் போன பிறகு உறையூர் வீட்டுப் பரணில் இரும்புப் பெட்டிக்குள் நான்கு சுருள்கள் கிடைத்தன. நான்கும் கறுப்பு வெள்ளை. அட்டைப்பெட்டிகளில் ஓர்வோ என்ற பெயரும், பெரியப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் "கல்யாணம் - வீடு", "ஊர்வலம்", "ஆடி 18", "பொன்மலை" என்ற குறிப்புகளும் இருந்தன.

இவற்றில் மூன்று சுருள்களை இரண்டு முறை டிஜிட்டலுக்கு மாற்றினோம். முதல் முறை சொதப்பியது. ஃபிலிம் பழசாகிவிட்டது, அவ்வளவுதான் வரும் என்று கடையில் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். எது ஃபிலிமின் குறை, எது கேமராவில் நடந்தது, எது மாற்றும்போது வந்து சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.

கையில் இருந்தது என்ன

இதை டபுள் 8 என்பார்கள். கோடாக் 1932இல் கொண்டுவந்த ஏற்பாடு. கேமராவுக்குள் போவது 16 மி.மீ. அகலமும் 25 அடி நீளமும் உள்ள ஃபிலிம். அது ஒரு தடவை ஓடும்போது பாதி அகலத்தில் மட்டும் படம் விழும். ஓடி முடிந்ததும் கேமராவைத் திறந்து, சுருளைப் புரட்டிப் போட்டு, மறுபாதியில் எடுக்க வேண்டும். லேபில் கழுவி, நடுவே நீளவாக்கில் கிழித்து, இரண்டு துண்டையும் ஒட்டி 50 அடிச் சுருளாகக் கொடுப்பார்கள். அடிக்கு 80 ஃபிரேம். ஆக ஒரு சுருளில் 4,000 ஃபிரேம், நொடிக்கு 16 வீதம் ஓடினால் 4 நிமிடம் 10 நொடி. ஒவ்வொரு ஃபிரேமும் ஐந்து மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை.

சுருளின் நடுவில் ஒரு ஒட்டு, அதற்கு இருபுறமும் வெளிச்சம் புகுந்து வெளுத்த சில அடிகள். இது எல்லா டபுள் 8 சுருளிலும் இருக்கும். பெரியப்பா பந்தல் நிழலில் நின்று அவசரமாகச் சுருளைப் புரட்டியதன் தடம் அது. கடைக்காரர் அதை "டேமேஜ்" என்று வெட்டி எறிந்துவிட்டார். டிஜிட்டல் நகலில்தான் வெட்டினார், ஃபிலிமில் இல்லை. அந்த மட்டில் பிழைத்தோம்.

ஓர்வோ என்பது கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபன் ஆலைச் சரக்கு. 1964இல்தான் அந்தப் பெயர் வந்தது. பெரியப்பா வாங்கியது ரிவர்சல் வகை, யு.பி. 15 ஒன்றும் யு.பி. 21 மூன்றும். ரிவர்சலில் நெகட்டிவ் என்று தனியாக ஒன்று கிடையாது. கேமராவில் ஓடிய அதே ஃபிலிம்தான் கழுவப்பட்டு பாசிட்டிவாகத் திரும்பி வரும். முதலில் டெவலப் செய்வார்கள். அப்படி உண்டான வெள்ளியை அமிலம் கலந்த டைக்ரோமேட்டில் கரைத்து எடுத்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் வெள்ளி உப்புக்கு மறுபடி வெளிச்சம் காட்டி, இரண்டாம் முறை டெவலப் செய்வார்கள். இதில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: எங்கே அதிக வெளிச்சம் பட்டதோ அங்கே முதல் சுற்றிலேயே வெள்ளி முழுவதும் போய்விடும். அந்த இடம் வெறும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அங்கிருந்து எந்த ஸ்கேனரும் எதையும் மீட்க முடியாது. வேட்டி கட்டிய ஊரில் இது சின்ன விஷயமில்லை.

ஃபிலிமின் உடல்நிலை நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. இந்த மாதிரி 8 மி.மீ. ஃபிலிம் பெரும்பாலும் அசிடேட் என்ற பிளாஸ்டிக், எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் இல்லை. அசிடேட்டுக்கு வரும் நோய் வேறு: சிதையச் சிதைய புளிக்காடி வாசனை அடிக்கும், சுருங்கும், வளையும். ஆனால் எங்கள் பெட்டியில் அந்துருண்டை நெடி தூக்கலாக இருந்ததால் மூக்கை நம்ப முடியவில்லை. அதற்கென்று ரோச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட் செய்த ஏ-டி ஸ்ட்ரிப் என்ற சோதனைத் தாள் இருக்கிறது. டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்தால் அமிலத்துக்கு ஏற்ப நீலம் பச்சையாகும், பிறகு மஞ்சளாகும். மூன்று டப்பாவில் தாள் நீலமாகவே இருந்தது. "பொன்மலை" மட்டும் லேசாகப் பச்சை தட்டியது. அதில் பூஞ்சையும் இருந்தது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் மாற்றம்

கடையில் செய்தது இதுதான்: புரொஜெக்டரில் ஓட்டி, வெள்ளை அட்டையில் விழுந்த படத்தை வீடியோ கேமராவில் பிடித்தார்கள். கிடைத்த கோப்பில் படம் முழுக்க ஒரு துடிப்பு. நெஞ்சு படபடப்பதுபோல இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம். "பழைய படம்னா அப்படித்தான் சார்" என்றார் கடைக்காரர். உண்மையில் அது வெறும் கழித்தல் கணக்கு.

புரொஜெக்டர் நொடிக்கு 18 ஃபிரேம் ஓட்டியது. அதன் ஷட்டருக்கு மூன்று இறக்கை, அதனால் ஒவ்வொரு ஃபிரேமும் திரையில் மூன்று முறை மின்னும். 18 மூன்று 54. வீடியோ கேமரா நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றும் ஐம்பதில் ஒரு நொடி திறந்திருக்கும். 54க்கும் 50க்கும் வித்தியாசம் நான்கு. கோப்பில் எண்ணிப் பார்த்தேன், நொடிக்கு நான்கு துடிப்பு. புரொஜெக்டர் வேகத்தை 16⅔க்குக் குறைத்திருந்தால் 50 மின்னலாகி இரண்டும் ஒத்துப்போயிருக்கும், துடிப்பே இருந்திருக்காது. அந்தக் காலத்தில் நம் ஊர் டிவி முறைக்குப் படம் மாற்றியவர்கள் செய்தது அதுதான். வேகத் திருகு உள்ள புரொஜெக்டர் என்றால் ஐந்து நிமிட வேலை.

அடுத்தது வெள்ளை. வீடியோ கேமரா தானியங்கி வெளிச்சத்தில் இருந்தது. பந்தல் மூலையில் இருட்டு அதிகமாக இருந்தால் அது திறந்துகொள்ளும், உடனே முன்னால் நிற்கும் வேட்டிகள் எல்லாம் சுண்ணாம்புச் சுவராகிவிடும். கரையும் தெரியாது, மடிப்பும் தெரியாது. ரிவர்சல் ஃபிலிமில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. இருட்டு அறையில் திரையில் பார்ப்பதற்காகவே செய்த ஃபிலிம் அது. அதை அட்டையில் போட்டு வீடியோவில் பிடித்தால் இரண்டு முனையும் அறுந்து விழும்.

இனி முந்தானை. இது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. "கல்யாணம் - வீடு" சுருள் யாரோ கடைசியாகப் பார்த்துவிட்டுத் திருப்பிச் சுற்றாமல் வைத்தது. அதாவது படத்தின் முடிவு வெளியே, ஆரம்பம் உள்ளே. 8 மி.மீ.யில் ஒரு ஓரத்தில் மட்டுமே துளைகள். துளை சரியான பக்கம் வருமாறு கடைக்காரர் மாட்டியிருக்கிறார். அப்படி மாட்டினால் ஃபிலிம் முன்பின்னாகப் புரண்டிருக்கும். படம் தலைகீழாகவும் பின்னோக்கியும் ஓடும். ஓடியிருக்கிறது. அவர் கணினியில் பின்னோட்டத்தை முன்னோட்டமாக மாற்றிவிட்டு, படத்தை 180 பாகை சுழற்றி நிமிர்த்திவிட்டார். அங்கேதான் தப்பு. புரண்ட ஃபிலிமில் படம் மேல்கீழாகக் கண்ணாடிப் பிம்பமாகத்தான் மாறியிருக்கும், சுழன்றிருக்காது. மேல்கீழாகப் புரட்டியிருந்தால் சரியாகியிருக்கும். சுழற்றியதால் தலை நிமிர்ந்தது, இடம் வலமானது. ஒரு காகிதத்தில் 'க' எழுதி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இரண்டையும் செய்து பாருங்கள். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

கடையில் மாற்றிய மற்ற இரண்டு சுருளும் நேராகவே இருந்தன. எழுத்துப் பலகை எதுவும் இல்லாத ஒரு சுருளில் இந்தத் தவறு நடந்ததால், அத்தை இல்லாவிட்டால் எங்கள் பேரன் பேத்திகள் வரைக்கும் இடம் வலமாகவே பார்த்திருப்பார்கள்.

நடு வெயில் ஊர்வலம்: கேமராவின் குற்றமா, மாற்றியவர் குற்றமா?

எல்லாப் பழியையும் கடையின் மேல் போட்டுவிடுவது சுலபம். ஆனால் "ஊர்வலம்" சுருளை லைட் பாக்ஸில் வைத்துப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. அதில் வேட்டி இருந்த இடம் ஃபிலிமின் ஒட்டுப் பக்கத்தில் வெளுத்துப்போன பகுதியைப் போலவே தெளிந்த கண்ணாடி. வெள்ளி துளியும் இல்லை. "கல்யாணம் - வீடு" சுருளில் அப்படி இல்லை. வேட்டியில் மெல்லிய சாம்பல் படலம் இருந்தது, மயில்கண் கரைகூடத் தெரிந்தது. அதாவது வீட்டுச் சுருளின் வெள்ளையைத் தொலைத்தது கடை. ஊர்வலத்தின் வெள்ளையைத் தொலைத்தது 1967ஆம் வருடத்து வெயில்.

காரணம் ஃபிலிம் வேகம். வேகம் என்றால் ஃபிலிம் எவ்வளவு சீக்கிரம் வெளிச்சத்தைப் பிடிக்கும் என்பது; டின், ஏ.எஸ்.ஏ. இரண்டும் அதன் அளவுகள். இரண்டு சுருளும் யு.பி. 21, அதாவது 21 டின், 100 ஏ.எஸ்.ஏ. வீட்டுக்குள் விளக்கு போட்டு எடுக்க அது சரி. வெளியே? உச்சி வெயிலில் லென்ஸின் துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கி வைத்தால் ஷட்டர் வேகம் ஏ.எஸ்.ஏ. எண்ணுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது பழைய போட்டோகிராபர்களின் கைக்கணக்கு. 100 ஏ.எஸ்.ஏ.க்கு நூறில் ஒரு நொடி. சினிமா கேமராவில் ஷட்டர் அப்படி நம் இஷ்டத்துக்கு வராது. நொடிக்கு 16 ஃபிரேம் ஓடினால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சுமார் முப்பத்தைந்தில் ஒரு நொடி. மூன்று மடங்கு வெளிச்சம் அதிகம். அதை அடக்க இன்னும் சின்னத் துவாரம், எஃப் 28 வேண்டும். பெரியப்பாவின் லென்ஸ் எஃப் 16உடன் நின்றுவிடும். அவர் என்ன செய்ய முடியும்? வீட்டில் மிச்சமிருந்த சரக்கை ஊர்வலத்துக்கு மாட்டினார். 25 ஏ.எஸ்.ஏ. உள்ள யு.பி. 15 போட்டு எடுத்த "ஆடி 18" சுருளில், அதே போன்ற வெயிலில், அம்மா மண்டபத்துப் படிக்கட்டின் ஒவ்வொரு கல்லும் தெரிகிறது. காவிரித் தண்ணீரில் மிதக்கும் காதோலை கருகமணிகூட.

கணக்கு சரிதானா என்று சோதிக்க ஒரு சுருள் நானே எடுத்துப் பார்த்தேன். டபுள் 8 கிடைப்பது கஷ்டம் என்பதால் சூப்பர் 8. கோடாக் 1965இல் கொண்டுவந்த பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜ், புரட்டிப் போடும் வேலை இல்லை. உள்ளே ட்ரை-எக்ஸ் ரிவர்சல், பகல் வெளிச்சத்துக்கு 200 ஏ.எஸ்.ஏ. நொடிக்கு 18 ஃபிரேமில் 3 நிமிடம் 20 நொடிக்கு வரும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு என் தம்பியை வெள்ளை வேட்டியில் தெருவில் நடக்க வைத்தேன். கேமரா லென்ஸை முழுதாகச் சுருக்கியும் போதாமல் வ்யூஃபைண்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எரியட்டும் என்று பாதிச் சுருள் அப்படியே எடுத்தேன். மீதிப் பாதிக்கு எட்டில் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் விடும் என்.டி. ஃபில்டர் மாட்டினேன். கழுவி வந்தபோது முதல் பாதியில் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உடம்பே இல்லை, வெள்ளை நெருப்பு ஒன்று நடக்கிறது. இரண்டாம் பாதியில் மடிப்பு, கரை, முழங்காலருகே டீக் கறை எல்லாம் உண்டு.

இப்போது இந்த ஃபிலிமில் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ட்ரை-எக்ஸ் நம் வெயிலுக்கு மிக வேகமானது. ஃபில்டர் இல்லாமல் காலை எட்டு மணிக்கு மேல் தெருவில் இறங்காதீர்கள். திண்ணை நிழல், சாயங்காலம், மழை மேகம் எல்லாம் அதற்குச் சொந்த வீடு மாதிரி.

இரண்டாம் மாற்றம்

சென்னையில் ஃபிரேம் ஃபிரேமாக ஸ்கேன் செய்யும் ஓரிடத்துக்கு மூன்று சுருளைக் கொண்டுபோனேன். அந்த இயந்திரத்தில் பற்சக்கரம் இல்லை. ரப்பர் உருளைகள் ஃபிலிமை நகர்த்தும், துளையை ஒளியால் அடையாளம் கண்டு ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாக எடுக்கும். ஃபிலிம் கொஞ்சம் சுருங்கியிருந்தாலும் துளை கிழியாது. புரொஜெக்டர் ஷட்டர் என்ற ஒன்றே இல்லாததால் துடிப்பும் இல்லை.

விளக்கு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், கறுப்பு வெள்ளைக்கு அதுதான் உயிர்நாடி. கலர் ஃபிலிமில் படம் சாயத்தால் ஆனது. ஒளி அதில் ஊடுருவிப் போகும். கறுப்பு வெள்ளையில் படம் வெள்ளித் துகள்களால் ஆனது. ஒளி அதில் பட்டுச் சிதறும். கூர்மையான நேர்கோட்டு ஒளியை அனுப்பினால் சிதறியது எல்லாம் லென்ஸுக்கு வராமல் போய், கான்ட்ராஸ்ட் ஏறிவிடும், ஒவ்வொரு கீறலும் கோடு போட்டதுபோல எழுந்து நிற்கும். மாவு சலித்ததுபோலப் பரவிய ஒளி கொடுத்தால் ஃபிலிமின் பின்பக்கக் கீறல்கள் பெரும்பாலும் மறைந்துவிடும். அங்கே பரவிய எல்.இ.டி. விளக்குதான் வைத்திருந்தார்கள். கடைக் கோப்பில் மழைபோலக் கொட்டிய கீறல்களில் முக்கால்வாசி இதிலேயே போய்விட்டன.

தூசியை அகச்சிவப்புக் கதிரால் கண்டுபிடித்து நீக்கும் வசதியும் இருந்தது. ஆபரேட்டர் தம்பி அதை ஆன் செய்யப் போனபோது தடுத்தேன். கலர் சாயம் அகச்சிவப்பை விட்டுவிடும், தூசி தடுக்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் அந்த வசதி வேலை செய்கிறது. வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுக்கும். அத்தையின் கூந்தல் முழுவதையும் தூசி என்று நினைத்துத் துடைத்திருக்கும். அவர் சிரித்துவிட்டு, "கறுப்பு வெள்ளை வர்றதே இல்ல சார், மறந்துட்டேன்" என்றார். பிறகு தூசியைக் கையால்தான் துடைத்தோம், பஞ்சு இல்லாத துணியில்.

வெளிச்சத்தை ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற விடாமல் ஒரே அளவில் பூட்டச் சொன்னேன். எந்த அளவில்? துளை வழியே வரும் ஒளிதான் உச்சம். ஃபிலிமின் தெளிந்த பகுதி அதற்குச் சற்றுக் கீழே. அந்தத் தெளிந்த பகுதி உச்சத்தைத் தொடாமல் இருக்குமாறு வைத்துவிட்டால், ஃபிலிமில் இருக்கும் எந்த வெள்ளையும் தப்பாது. இருட்டுக்கு இன்னொரு முறை அதிக ஒளியில் எடுத்து இரண்டையும் சேர்த்தார்கள். பந்தல் மூலையில் பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து அப்பளம் தின்றுகொண்டிருப்பது இப்போதுதான் தெரியவந்தது. அவன் என் அப்பா.

கறுப்பு வெள்ளைதானே என்று சிவப்பு, பச்சை, நீலம் எனப் பிரிக்காமல் ஒரே சேனலில் எடுக்க வேண்டாம், கலராகவே எடுங்கள் என்றும் கேட்டேன். சரியாக அலசாத ஃபிலிமில் மஞ்சள் பழுப்பாகக் கறை பிடித்திருந்தது. மஞ்சள் கறை நீல ஒளியைத்தான் தின்னும், சிவப்பை விட்டுவிடும். கலராக எடுத்துச் சிவப்புச் சேனலை மட்டும் வைத்துக்கொண்டபோது கறை பெருமளவு மறைந்தது. கோப்பு மூன்று மடங்கு பெரிதானது உண்மை, சுருளுக்கு 70 ஜி.பி.க்கு மேல். ஹார்ட் டிஸ்க் மலிவு, அலசாத லேப்காரரைத் திரும்பக் கூப்பிட முடியாது.

அடுத்து வேகம். பார்ப்பதற்கென்று கொடுத்த கோப்பை 25 ஃபிரேமில் வைத்துவிட்டார்கள். 4 நிமிடம் 10 நொடிச் சுருள் 2 நிமிடம் 40 நொடியில் முடிந்தது, மாப்பிள்ளை தாலி கட்டியது ஏதோ பந்தயம் மாதிரி. 16தான் சரி என்று எனக்குத் தோன்றினாலும் பெரியப்பாவின் கேமராவை இப்போது சோதிக்க வழியில்லை. வழி கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுவீட்டுக்கு வந்த புதுமணத் தம்பதி ஊஞ்சலில் ஆடும் காட்சி படத்தில் உண்டு. அதே ஊஞ்சல், அதே இரும்புச் சங்கிலி, அதே உத்தரம். ஊஞ்சல் ஒரு பெண்டுலம். எவ்வளவு வீசி ஆடினாலும் ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் பெரிதாக மாறாது. இரண்டு பேரை உட்கார வைத்துப் பத்து ஆட்டத்துக்கு நேரம் பார்த்தேன், 30 நொடி. படத்தில் நான்கு ஆட்டத்துக்கு 190 ஃபிரேம். அதாவது 12 நொடிக்கு 190, நொடிக்கு 16க்கு ஒரு நூல் குறைவு. சாவி தளரத் தொடங்கிய நேரமாக இருக்கலாம். மூலக் கோப்பை 16இல் வைத்தோம். பார்ப்பதற்கான நகலில் ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமை இரட்டித்து 24 ஆக்கினோம்.

மிச்சம்

"பொன்மலை" சுருள் இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது. பூஞ்சை ஜெலட்டினைத் தின்னும்; தின்ற இடம் தண்ணீரில் கரையும் அளவுக்கு இளகிவிடும். ஈரத் துணி வைத்துத் துடைத்தால் பூஞ்சையோடு படமும் வந்துவிடும். வெளிச் சுற்றுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து இருபது அடி வரை பிரித்தேன். நீராவி எஞ்சின் ஒன்றின் சக்கரம் தெரிந்தது. அதற்கு மேல் ஒட்டியிருக்கிறது, இழுத்தால் பிய்யும். இழுக்கவில்லை. உலர்ந்த இடத்தில், காற்றோட்டமுள்ள டப்பாவில், சோதனைத் தாளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி வைக்கிறேன்.

புதிய கோப்பை அத்தைக்குப் போட்டுக் காட்டினோம். முந்தானை இடது தோளுக்கு வந்துவிட்டதை அவர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஊர்வலம் வந்தது. அதில் முகமும் வேட்டியும் வெயிலில் கரைந்துபோன ஒரு ஆள் நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் நடந்துவருவார். யாரென்று கடைக் கோப்பில் யாருக்கும் தெரியவில்லை. அத்தை முன்னால் சாய்ந்தார்.

"அது கல்லுக்குழிச் சித்தப்பா. நடையப் பாரு, வலது கால கொஞ்சம் இழுப்பாரு."

கடைக்காரர் 18இல் ஓட்டியபோது அந்த இழுப்பு தெரியவில்லை. மூன்று முறை திரும்ப ஓட்டச் சொன்னார். குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்: சுருள் 2, ஒட்டுக்கு முன்னால், ஃபிரேம் 1,740 முதல் 1,812 வரை, கல்லுக்குழித் தாத்தா.